அளந்து பார்க்காத குளத்தைப் பூட்டுங்கள்

தமிழ்நாட்டு நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நீச்சல்குளம் இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. விளம்பரப் படத்தில் முன்னால் நிற்பது அதுதான். வீடுகளை விற்று முடித்த பிறகு அந்தக் குளத்தை யார், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை. குடியிருப்போர் சங்க நிர்வாகிகள், அவர்களிடம் ஒப்பந்தம் எடுத்த பராமரிப்பு ஏஜென்சிகள், கோடை வகுப்பு நடத்தும் பயிற்சியாளர்கள், ரிசார்ட் முதலாளிகள், இவர்களில் ஒருவரையும் தட்டிக் கேட்காத உள்ளாட்சி சுகாதாரப் பிரிவுகள் என எல்லோர் மீதும் நாம் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றே. நீங்கள் தண்ணீரை அளப்பதில்லை. எட்டி நின்று பார்க்கிறீர்கள். நீலமாகத் தெரிந்தால் கதவைத் திறக்கிறீர்கள். பச்சை தட்டினால் ஒரு வாளி மருந்தைக் கரைத்து ஊற்றுகிறீர்கள். இதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைத்து மாதாமாதம் வீட்டுக்கு வீடு பணமும் வசூலிக்கிறீர்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பின் மோட்டார் ரூமில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தண்ணீரின் பிஎச் எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டிய நோட்டு. எல்லாக் கட்டத்திலும் 7.4. எல்லாக் கட்டத்திலும் 1.5. மழை கொட்டிய நாளிலும் அதே எண்கள். பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகள் கூட்டமாகக் குதித்த ஞாயிற்றுக்கிழமையும் அதே எண்கள். ஒரே பேனா, ஒரே மூச்சில் ஓடிய கையெழுத்து. நாம் அதைப் புரட்டியது ஒரு வியாழக்கிழமை பிற்பகல். வெள்ளிக்கிழமைக் காலைக்கான கட்டமும் நிரம்பியிருந்தது. பக்கத்து அலமாரியில் சோதனைப் பெட்டி இருந்தது. அதிலிருந்த சொட்டு மருந்தின் காலாவதித் தேதி முந்தைய ஆண்டோடு முடிந்திருந்தது. செயலாளரிடம் கேட்டோம். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே சார், நீங்களே பாருங்களேன்" என்றார்.

பார்த்தோம். கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. அதில் குளோரின் இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல யாராலும் முடியாது.

அண்டை மாநிலத்தில் நடந்ததையாவது நினைவுபடுத்துவோம். 2024 மே முதல் ஜூலை தொடக்கத்துக்குள் வடகேரளத்தில் மூன்று பிள்ளைகள் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றால் இறந்தார்கள். இந்தத் தொற்றை உண்டாக்கும் அமீபாக்களில் ஒன்றான நெக்லேரியா ஃபௌலேரி வெதுவெதுப்பான நன்னீரில் செழிப்பது; 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கி வளரும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே ஏறினால் மூளைக்குப் போகும். இதனால் நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை என்பது உலக அனுபவம். மூவரில் ஒரு சிறுமி பள்ளிச் சுற்றுலாவின்போது நீச்சல்குளம் ஒன்றில் இறங்கியிருந்தாள் என்று அப்போது செய்திகள் வந்தன. நீச்சல்குளங்களில் ஒழுங்காகக் குளோரின் கலக்க வேண்டும் என்று கேரள முதல்வரே அறிவுறுத்தினார். அதே ஜூலையில் தமிழகப் பொது சுகாதாரத் துறையும் இங்கே அறிவுறுத்தல் வெளியிட்டது. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலாக் கிராமத்துக் குளத்தில் குளித்த 17 வயது மாணவனுக்கு இதே நோய் உறுதியானதும் அந்தக் குளம் மூடப்பட்டது.

பீதி கிளப்புவது நம் நோக்கமில்லை. இந்த நோய் மிக அரிது. ஒழுங்காகக் குளோரின் நிற்கும் குளத்தில் அந்த அமீபா பிழைக்காது. நாம் கேட்பது அந்த ஒழுங்கைத்தான். தமிழக அரசின் அறிவுறுத்தல் வந்த பிறகு உங்கள் வளாகத்தில் என்ன மாறியது? புதிய சோதனைப் பெட்டி வாங்கினீர்களா? ஒரு வேளை கூடுதலாக அளந்தீர்களா? வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியை அனுப்பிவைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டீர்கள்.

நம் ஊர் வெயிலில் ஒரு நீச்சல்குளத்துக்கு என்ன ஆகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் டப்பாவின் மேல் அச்சடித்த அளவைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் போதும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. கூரைக்குக் கீழே, வெயிலே படாமல் இருக்கும் குளிர்நாட்டுக் குளத்துக்குச் சரியாக இருக்கும் அளவு கத்திரி வெயிலில் கால் நாள் தாங்காது. தண்ணீரில் கரைந்த குளோரினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. பாதுகாப்பு எதுவும் இல்லாவிட்டால் நேரடி வெயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் பாதி போய்விடும்; இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். காலை ஆறு மணிக்கு மருந்து போட்ட ஆபரேட்டர் ஏழு மணிக்குக் குளத்தைத் திறக்கிறார். மாலை நான்கு மணிக்குச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு. அந்த நேரத்தில் தண்ணீரில் என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியாது, யாரும் அளக்கவில்லை. போதாக்குறைக்கு, 30 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் பாசியும் கிருமியும் வேகமாகப் பெருகும். குளோரின் அதே வேகத்தில் செலவாகும்.

இனி பிஎச். இந்த எண்ணைப் பற்றி எந்தச் சங்கக் கூட்டத்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. கிருமியைக் கொல்வது குளோரினின் ஒரு வடிவம் மட்டுமே. அது எவ்வளவு இருக்கும் என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. 7.2-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளோரின் வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும். 7.5-இல் பாதி. 8-இல் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 8.5-ஐத் தொட்டால் பத்தில் ஒரு பங்கு. சென்னையின் தென்பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் கொண்டவை. அதில் பிளீச்சிங் பவுடரையோ திரவக் குளோரினையோ ஊற்ற ஊற்ற பிஎச் மேலே ஏறும். குளத்து ஓரத்து டைல்ஸில் வெள்ளையாக உப்புப் படியும். அந்தப் படிவத்தை ஆசிட் ஊற்றித் தேய்க்க ஆள் வைப்பவர்கள், அது எதன் அறிகுறி என்று கேட்பதில்லை. பிஎச் 8.5-இல் நிற்கும் குளத்தில் நீங்கள் போடும் மருந்தில் பத்து ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் வீண்.

திரவக் குளோரினை வெயில் படும் மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கேன் கேனாக அடுக்கி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது மே மாதச் சூட்டில் சில வாரங்களிலேயே வீரியத்தில் கணிசமான பகுதியை இழந்துவிடும். கேனில் ஒட்டிய சீட்டு 12 சதவீதம் என்று சொல்லும். உள்ளே இருப்பது அதுவல்ல.

"நாங்கள் டேப்லெட்தான் போடுகிறோம், அது வெயிலில் போகாது" என்று சில ஏஜென்சிகள் பெருமையாகச் சொல்கின்றன. டிசிசிஏ எனப்படும் அந்த வில்லையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. அது வெயிலுக்குக் குடை பிடிப்பது போல வேலை செய்யும். அளவோடு, லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் செலவாகிப் போகும். சயனூரிக் அமிலம் போகாது. ஆவியாகாது, வடிகட்டியில் நிற்காது, நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 1,26,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நாளைக்குக் கால் கிலோ வில்லை போட்டால், தினமும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் சயனூரிக் அமிலம் கூடும். மூன்று மாதத்தில் 100. அதற்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட நீச்சல்குள வழிகாட்டி சொல்கிறது. அளவு மிஞ்சினால் குளோரினைக் கிருமியிடம் போக விடாமல் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். சோதனைக் குழாயில் நிறம் வரும், நோட்டில் எண் வரும், தண்ணீரில் கிருமி மட்டும் சாகாது. இதற்கு ஒரே வழி, ஒரு பகுதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது. உங்கள் குளத்தில் சயனூரிக் அமிலம் எவ்வளவு என்று நீங்கள் கடைசியாக அளந்தது எப்போது? பெரும்பாலான நிர்வாகிகள் இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள். ஏஜென்சிக்காரர்களுக்குத் தெரியும், தெரிந்தே சொல்லாமல் இருக்கிறார்கள். தண்ணீர் மாற்றச் சொன்னால் லாரிச் செலவு வரும், சங்கம் முகம் சுளிக்கும், ஒப்பந்தம் கைமாறும்.

குளத்தருகே போனாலே மூக்கில் ஏறும் அந்த மருந்து வாடையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். "குளோரின் அதிகமாகப் போட்டுவிட்டார்கள்" என்று குடியிருப்பவர்கள் குறை சொல்ல, நிர்வாகம் உடனே மருந்தைக் குறைக்கிறது. நடப்பது நேர்மாறு. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. கண் சிவப்பதற்கும் தொண்டை கரகரப்பதற்கும் அதுவே காரணம். வாடை வந்தால், கழிவுக்கு ஈடுகொடுக்க முடியாத அளவுக்குக் குளோரின் குறைவு என்று அர்த்தம். அப்போது குளத்தை மூடி, சேர்ந்துபோன குளோரினின் பத்து மடங்கு அளவுக்குப் புதுக் குளோரின் போட்டு அதை எரித்துத் தீர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க, தனித்து நிற்கும் குளோரினையும் சேர்ந்துபோன குளோரினையும் பிரித்துக் காட்டும் டிபிடி சோதனை வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் காட்டுவது அது. பல வளாகங்களில் இன்னும் இருப்பது மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓடிஓ சொட்டு மருந்து. அது இரண்டையும் சேர்த்தே காட்டும். செத்த குளோரினையும் உயிருள்ளதாகக் கணக்கு வைக்கும். அந்த மருந்து புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள் வேறு. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இதைத்தான் வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

இவை அறியாமை என்று வைத்துக்கொண்டாலும், மயில்துத்தம் போடுவதை என்னவென்று சொல்வது? பாசியைக் கொல்ல, அளவோடு, தாமிரம் சேர்ந்த மருந்து போடுவது உலகெங்கும் உள்ளதுதான். இங்கே அது பாசிக்காகப் போடப்படுவதில்லை; நிறத்துக்காகப் போடப்படுகிறது. தண்ணீர் வானத்து நீலமாக மாறும், படம் எடுத்தால் அழகாக இருக்கும், புகார் வராது. வயிற்றுப்போக்குக் கிருமியிடமிருந்து குளிப்பவரைத் துத்தம் காப்பாற்றாது. அதிகமானால் தலைமுடி பச்சை பூக்கும், தரையில் கறை விழும். இது ஏமாற்று வேலை. அளந்தே சொல்கிறோம், ஏமாற்று வேலை.

நிறத்தின் மீது உலகத்துக்கே மோகம் இருக்கிறது என்பதும் உண்மைதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானது. ஒப்பந்ததாரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டியதால் குளோரின் முழுக்கச் செயலிழந்து பாசி பிடித்தது என்று பின்னர் தெரிந்தது. பச்சையானதால் உலகம் கேள்வி கேட்டது. குளோரின் செத்த பிறகும் நீலமாகவே இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் ஊர்க் குளங்களின் நிலை இதுதான்.

இனி வடிகட்டி. மருந்தாவது கையில் காசு கொடுத்து வாங்குவது. அதனால் ஓரளவு கவனம் இருக்கிறது. மணல் வடிகட்டி மோட்டார் ரூமில் இருட்டில் நிற்பது. அதன் தலையில் உள்ள பிரஷர் கேஜைப் பாருங்கள். நாம் பார்த்த இடத்தில் கண்ணாடி மங்கி, மோட்டார் ஓடும்போதும் முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. அந்த முள்தான் மணல் அடைத்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது. சுத்தமான மணலில் காட்டும் அழுத்தத்தை விட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ் செய்ய வேண்டும் என்பது பாலபாடம். முள் செத்த வடிகட்டியில் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? "சனிக்கிழமை சனிக்கிழமை அடிப்போம் சார்" என்கிறார் ஆபரேட்டர். கோடை வகுப்பில் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கும் வாரத்துக்கும், யாருமே இறங்காத மழை வாரத்துக்கும் ஒரே சனிக்கிழமை. பேக்வாஷ் முடிந்ததும் ரின்ஸ் வைக்காமல் நேராக ஃபில்டருக்குத் திருப்புகிறார்கள். அழுக்கு முழுவதும் மறுபடி குளத்துக்கு. மோட்டாரை அணைக்காமலே வால்வுக் கைப்பிடியைத் திருப்புகிறார்கள். உள்ளே கேஸ்கெட் கிழிந்து, அன்றிலிருந்து பாதித் தண்ணீர் மணலைத் தொடாமலே திரும்புகிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வைத்துக்கொண்டு குளத்தில் இறங்குவது நம் வழக்கம். அந்த எண்ணெய் மணலில் ஒட்டி, தூசியும் சுண்ணாம்பும் சேர்ந்து, உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும். தண்ணீர் அந்தக் கட்டிகளைச் சுற்றிக்கொண்டு இடுக்கு வழியே ஓடும், வடிகட்டுவது பெயருக்குத்தான். உள்ளே இருக்க வேண்டியது அரை மில்லிமீட்டர் அளவில் சலித்த குவார்ட்ஸ் மணல். அதை ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் மாற்ற வேண்டும், கூட்டம் அதிகமென்றால் அதற்கும் முன்பே. கட்டடம் கட்டிய நாளில் போட்ட மணல் இன்னும் கிடக்கும் வளாகங்கள் எத்தனை என்று அந்தந்தச் சங்கங்களே தங்கள் ரசீதுகளைப் பார்த்துச் சொல்லட்டும். குளத்தில் இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லும் பலகை எல்லா இடத்திலும் இருக்கிறது. பக்கத்திலுள்ள ஷவரில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

மின் கட்டணத்தைக் காட்டி மோட்டாரை நிறுத்தி வைப்பதுதான் இருப்பதிலேயே அற்பமான சிக்கனம். மேலே சொன்ன 1,26,000 லிட்டர் குளத்துக்கு 2 குதிரைத்திறன் மோட்டார், மணிக்கு 21,000 லிட்டர் வடிகட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரம் ஓடினால் குளத்து நீர் அளவுக்கு ஒரு சுற்று. அப்போதும் எல்லாத் துளியும் வடிகட்டிக்குள் போய் வந்துவிடாது. சுத்தமானது அழுக்கானதோடு கலந்துகொண்டே இருப்பதால், முதல் சுற்றில் ஏறக்குறைய 37 சதவீதத் தண்ணீர் மணலைப் பார்க்காமலே நிற்கும். இரண்டாவது சுற்றுக்குப் பின் 14 சதவீதம். மூன்றாவதில்தான் 5. நம் வளாகங்களில் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதாவது அரைச் சுற்று. 60 சதவீதத் தண்ணீர் தொடப்படவே இல்லை. இதைப் பன்னிரண்டு மணி நேரமாக்கினால் நாளைக்கு 13 அல்லது 14 யூனிட் கூடும். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய 125 ரூபாய்தான். நூறு வீடுள்ள வளாகத்தில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு ஒன்றேகால் ரூபாய். நுழைவாயிலில் இரவெல்லாம் எரியும் அலங்கார விளக்கை அணையுங்கள், பாதிப் பணம் கிடைத்துவிடும்.

பேபி பூல் என்று ஒன்று கட்டியிருக்கிறீர்களே, அதற்குத்தான் நாம் அதிகம் கோபப்படுகிறோம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், முழங்கால் ஆழம். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் அந்தக் குளம் முழுவதிலும் உள்ள குளோரின் 7 கிராம்தான், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைகூட இல்லை. வளாகத்திலேயே அதிகம் சூடாவது இந்தத் தண்ணீர். டயப்பரோடு இறங்கும் குழந்தைகள் குளிப்பதும் தண்ணீரை விழுங்குவதும் இதில்தான். நாலைந்து குழந்தைகள் அரை மணி நேரம் விளையாடினால் அந்த 7 கிராம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய குளத்தை விடப் பல மடங்கு வேகத்தில் சுழல வேண்டிய தண்ணீர் இது. பல இடங்களில் இதற்குத் தனிக் குழாய் இல்லை, தனி அளவீடு இல்லை, நோட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

குழந்தை தண்ணீரிலேயே மலம் கழித்துவிட்டால்? வலையால் அள்ளிப் போட்டுவிட்டு விளையாட்டைத் தொடர்வதுதான் இங்கே நடைமுறை. கெட்டியான மலமென்றால் எல்லோரையும் வெளியேற்றி, பிஎச் 7.5-க்கு மேல் போகாமல் பார்த்து, குளோரினை 2 மில்லிகிராமில் நிறுத்தி, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரினில் பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். அதைக் கொல்ல 20 மில்லிகிராம் குளோரினை ஏறக்குறைய 13 மணி நேரம் நிறுத்த வேண்டும்; அதுவும் சயனூரிக் அமிலம் மிகக் குறைவாக இருந்தால்தான். இந்த விவரத்தை எழுதி ஒட்டியிருக்கும் மோட்டார் ரூம் ஒன்றைக் காட்டுங்கள்.

"இத்தனை வருஷமாக யாருக்கும் எதுவும் ஆகவில்லையே" என்ற பதில் வரும் என்று தெரியும். ஆகியிருக்கிறது, நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு வீட்டுப் பையனுக்குக் காதுவலி, இரண்டாவது மாடியில் ஒரு பெண்ணுக்குத் தோல் அரிப்பு, எதிர் பிளாக்கில் மூன்று பேருக்குக் கண்வலி, இன்னொரு வீட்டில் வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி டாக்டரிடம் போகிறது. ஒருவருக்கு வெளியில் சாப்பிட்டது, ஒருவருக்கு மெட்ராஸ் ஐ, ஒருவருக்குக் காதில் தண்ணீர் போனது. இவற்றை ஒரே நோட்டில் எழுதி, எந்தக் கிழமை யார் குளத்தில் இறங்கினார் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. பயிற்சியாளருக்கு இது தெரியும். கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று வாய் திறப்பதில்லை.

தண்ணீர்ப் பஞ்சத்தைச் சாக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2019 கோடையில் சென்னை பட்ட பாடு நமக்கும் நினைவிருக்கிறது. ஆனால் ஒரு பேக்வாஷுக்குச் செலவாவது ஆயிரம் லிட்டர் அளவுக்குத்தான். 12,000 லிட்டர் லாரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. குளோரின் அடங்கிய பிறகு அதைத் தோட்டத்துக்கு விடலாம். உண்மையாகவே தண்ணீர் இல்லை என்றால் குளத்தை மூடி வையுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தண்ணீரை மிச்சப்படுத்துகிறோம் என்று அழுக்கில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

ஆனால் மூடுவது என்றால் மோட்டாரை அணைத்துவிட்டு மறந்துபோவது அல்ல. ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும் குளத்தைப் பூட்டி, தை பிறந்த பிறகு எட்டிப் பார்க்கும் வளாகங்கள் இருக்கின்றன. மழை நீர் குளோரினையும் சயனூரிக் அமிலத்தையும் நீர்க்கச் செய்யும். வேப்பிலையும் மண்ணும் பாசிக்கு உரமாகும். தேங்கிய நன்னீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தொட்டியில் கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடும் மாநகராட்சி, ஒரு லட்சம் லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு முன்னால் நின்று என்ன செய்கிறது?

இதையெல்லாம் செய்ய வேண்டிய ஆபரேட்டர் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கவும் விட மாட்டோம். அந்தத் தம்பிதான் காலையில் குளம் சுத்தம் செய்கிறார், பகலில் ஜெனரேட்டரைப் பார்க்கிறார், மாலையில் லிஃப்ட் நின்றால் ஓடுகிறார். கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது, பயிற்சி கிடையாது. ஆசிட் கேனையும் குளோரின் கேனையும் ஒரே மூலையில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். இரண்டும் சிந்திக் கலந்தால் எழும் குளோரின் வாயு மூடிய அறையில் ஆளைக் கொல்லும். டிசிசிஏ வில்லையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பொய்க் கணக்கு எழுதியது அவர் கை என்றாலும், எழுத வைத்தது உங்கள் ஒப்பந்தம். ஒரு நாள் குளோரின் பூஜ்யம் என்று உண்மையை எழுதினால் அவர் வேலை போகும் என்ற நிலையை உண்டாக்கியது நீங்கள்.

நீச்சல்குள நீரின் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3328 என்ற தரக்குறிப்பு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. சுகாதாரக் கேடான நீர்த்தேக்கத்தின் மீது நடவடிக்கை எடுக்க 1939 பொது சுகாதாரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இல்லாதது, மோட்டார் ரூமுக்குள் இறங்கிப் பார்க்கும் அதிகாரி. சுகாதார அதிகாரிகளே, உணவகத்துச் சமையலறைக்குள் நுழையும் அதிகாரம் போல, நூறு குடும்பம் குளிக்கும் தண்ணீரிலும் கைவைத்துப் பார்க்கும் கடமை உங்களுக்கு உண்டு. தனியார் வளாகம் என்ற வார்த்தையைக் கேட்டதும் வாசலோடு திரும்புவதை நிறுத்துங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்கிறோம். குளத்தின் கதவில் ஒரு பலகை வேண்டும். மோட்டார் ரூமில் அல்ல, கதவில். பெரிய குளத்துக்கும் பேபி பூலுக்கும் தனித்தனியாக, திறப்பதற்கு முன்பும் நடுப்பகலிலும் மாலைக் கூட்டத்துக்கு முன்பும் டிபிடி முறையில் அளந்த குளோரினும் பிஎச்சும், அளந்த நேரத்தோடும் அளந்தவர் பெயரோடும் அதில் இருக்க வேண்டும். குளோரின் ஒரு மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ, டிசிசிஏ பயன்படுத்தும் குளத்தில் இரண்டுக்குக் கீழே போனாலோ, பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் வெளியே போனாலோ, ஆழமான பகுதியின் அடியிலுள்ள வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டாலோ, யாரையும் கேட்காமல் குளத்தைப் பூட்டும் அதிகாரம் ஆபரேட்டருக்கு எழுத்து மூலம் தரப்பட வேண்டும். கலங்கிய தண்ணீரின் அடியில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது என்பதையும் கடைசி நிபந்தனையோடு சேர்த்து நினைவில் வையுங்கள். சயனூரிக் அமிலத்தை மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை தண்ணீர் மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை சங்கத்தின் கோப்பில் தூங்காமல் அதே பலகையில் ஒட்டப்பட வேண்டும். மணல் மாற்றிய தேதியை வடிகட்டியின் உடம்பிலேயே பெயின்டால் எழுதுங்கள். செத்த கேஜை நாளைக்கே மாற்றுங்கள். விலை சில நூறு ரூபாய்.

சுகாதாரத் துறைக்கு: ஏப்ரலில் கோடை வகுப்புகள் தொடங்குகின்றன. அதற்கு முன்பே, சொல்லாமல் கொள்ளாமல், கையில் ஒரு சோதனைப் பெட்டியோடு வளாகங்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் போங்கள். தேறாத குளங்களின் பட்டியலை வெளியிடுங்கள், அவற்றுக்குப் பூட்டுப் போடுங்கள்.

குடியிருப்பவர்களுக்கு: அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்குக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்த நோட்டை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரே எண் மாதக்கணக்கில் வந்தால், பராமரிப்புக் கட்டணத்தில் குளத்துக்கான பங்கை அன்றே நிறுத்திவைத்து, மறுபடி அளக்கும் வரை சாவியைச் சங்கத்திடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.